கறுவலின் முன்னங்கால்

ஒக்டோபர் 14, செவ்வாய்

குதிரைத் தீவனக் கம்பனி ஒன்று லாயத்துக்கு இனாமாகக் கொடுத்த கொப்பி இது. அட்டையில் ஒரு குதிரை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சிரிக்கிறதா, கடிக்கப் போகிறதா என்று தெரியவில்லை. ஆரபி கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

"அம்மா, நெஞ்சு படபடக்கிற நேரம் இதில எழுதுங்கோ. எனக்கு மெசேஜ் போடாதேங்கோ. நேற்று மட்டும் பதினேழு."

எண்ணியும் வைத்திருக்கிறாள், பாருங்கள்.

சரி, எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. எழுதியாயிற்று. படபடப்பு நிற்கவில்லை.

இந்த இங்கிலாந்துச் சின்ன ஊருக்கு நாங்கள் வந்தபோது வீட்டுக்குப் பின்னால் பந்தயக் குதிரை லாயம் இருந்தது. "பிள்ளைக்கு நல்ல காத்து" என்று இவர் சந்தோஷப்பட்டார். நல்ல காற்றுத்தான்! பன்னிரண்டு வயதில் சனிக்கிழமைகளில் குதிரை லத்தி அள்ளப் போன பெட்டை, இருபத்திரண்டு வயதில் ஜாக்கி லைசன்ஸை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அடுத்த கிழமை வியாழக்கிழமை அவளுக்கு முதல் ஓட்டம். வெறும் ஓட்டம் என்றால்கூடப் பரவாயில்லை. தடை தாண்டுகிற ஓட்டம். இரண்டு மைல், எட்டுத் தடை. குதிரையும் புதிது, பிள்ளையும் புதிது.

யாழ்ப்பாணத்திலிருந்து இவ்வளவு தூரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது, பெற்ற பிள்ளை குதிரையிலிருந்து விழுவதைப் பார்க்கவா?

ஒக்டோபர் 23, வியாழன்

உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

மற்றவர்களோடு பார்வையாளர் மேடையில் நிற்க என்னால் முடியவில்லை. கத்திவிடுவேன் என்று பயம். திடலின் ஓரமாக நடந்து கடைசித் தடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே லாயத்துக்காரர் பென்விக் முன்பே நின்றார். அறுபத்தைந்து வயது இருக்கும், உயரமான மனிதர். மற்றவர்களுக்காக அவர் வைத்துப் பழக்குகிற குதிரைகளில்தான் ஆரபி ஓடுகிறாள். அவரும் எப்போதும் அங்கேதான் நிற்பாராம். நான் உறைப்புக் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸில் ஒன்றைக் கொடுத்தேன். கையை நீட்டி, பெட்டியைத் தடவி எடுத்தார். உறைப்பில் கண் கலங்க, இன்னொன்று கேட்டார்.

அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "மிசிஸ் குணம், இந்த வருசத் தடை ஓட்டம் எனக்குப் பள்ளிக்கூடம் மாதிரி. வென்றாலும் தோற்றாலும் கவலையில்லை. அடுத்த கட்டமான பெரிய வேலிகளுக்கு எது வரும் என்றுதான் பார்க்கிறேன். தடையைக் கண்டு கொஞ்சம் பயப்படுகிற குதிரை வேண்டும். பயமில்லாதது எனக்கு வேண்டாம்."

பயம் வேண்டுமென்றால் என்னை ஓடவிடலாம் என்று மனதுக்குள் நினைத்தேன்.

பிறகு தன் தொலைநோக்கியைக் கழற்றி என்னிடம் தந்தார். கழுத்து நோகிறதாம்.

பிள்ளையைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவளைப் பார்த்தால் கண்ணை மூடிவிடுவேன், மூடினால் விழுந்தாலும் தெரியாது. ஆகவே குதிரையின் முன்னங்காலை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கால் இரண்டும் மடிந்து மேலே போனால் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். இறங்கி நிலத்தில் பட்டால் இன்னும் இருக்கிறாள்.

அந்தக் குதிரைக்கு நீளமான இங்கிலிஷ் பெயர் ஒன்று உண்டு. எனக்கு அவன் கறுவல். கரிய நிறம், பெரிய எலும்பு, அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. இடுப்பளவு தடைக்கு வீட்டுக்கூரையைத் தாண்டுகிறவன் மாதிரி எழும்புகிறான். ஒவ்வொரு முறையும் என் ஈரற்குலை கழன்று விழுந்தது. மற்றக் குதிரைகள் தாண்டி ஓடிய பிறகும் இவன் ஆகாயத்தில்தான் நின்றான். ஐந்தாவதாக வந்தான்.

பென்விக் ஒவ்வொரு தடையாகக் கேட்டார். கண்டதைக் கண்டபடி சொன்னேன். "இரண்டாம் தடையில நிண்டு பார்த்தான், பிறகு பாய்ந்தான். ஒரு முழம் மேலே. ஒன்றிலும் தொடவில்லை." அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "உங்களுக்கு நல்ல கண்," என்றார்.

ஆரபி சேறு அப்பின முகத்தோடு வந்தாள். "அம்மா, பறக்கிற மாதிரி இருந்தது!"

"பறக்கிறதுக்கு பிளேன் இருக்கடி."

ஒக்டோபர் 24, வெள்ளி

இரத்த அழுத்தம் பார்த்த நேர்ஸ் கேட்டாள், ஏதும் கவலையா என்று. இல்லை என்றேன்.

நவம்பர் 8, சனி

இன்று இரண்டு ஓட்டம். கறுவலில் ஆரபி. லாயத்தின் இன்னொரு குதிரையான செவலையில் டொம் என்கிற பெடியன்.

செவலையை எனக்குப் பிடித்துவிட்டது. செம்மண் நிறம், நல்ல வடிவு. எழும்பினானா இல்லையா என்றே தெரியாது. தரையோடு தரையாக, ஓடுகிற வேகம் குறையாமல் தடையைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறான். தடையின் மேல் குச்சி கொஞ்சம் ஆடும், கிட்டவென்றால் "சடக்" என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். வென்றும் விட்டான். விழுந்தாலும் எவ்வளவு உயரத்திலிருந்து விழப் போகிறார்கள்? என் பிள்ளைக்கு இப்படி ஒரு குதிரை கிடைக்கக் கூடாதா?

நான் எழுதி வைத்தது:

செவலை: 1 சடக். 2 சடக். 3 இல்லை. 4 சடக். 5 சடக். 6 இல்லை. 7 சடக். 8 சடக்.

கறுவல்: 1 ஒரு முழம் மேலே. 2 அப்படியே. 3 தெரியவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். 4 நின்று பார்த்து, மேலே. 5, 6, 7, 8 எல்லாம் கூரை.

வெயில் நன்றாக இருந்தது. ஆனாலும் பென்விக் எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டார். சடக் சத்தங்களை நான் சொல்லவில்லை. கால் எப்படி என்றுதானே அவர் கேட்டார்?

நவம்பர் 29, சனி

இன்று பென்விக் திட்டத்தைச் சொன்னார். பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி புதிய குதிரைகளுக்கான பெரிய வேலி ஓட்டம் ஒன்று இருக்கிறதாம். கறுவலோ செவலையோ, இரண்டில் ஒன்று அதில் ஓடும். மற்றது விற்கப்படும். "எனக்கு மனம் கறுவல் பக்கம்தான்," என்றார். கறுவல் என்றால் ஆரபி. அவனை அவளைத் தவிர வேறு யாரும் ஓட்டுவதில்லை.

ஓட்டம் முடிந்து சனம் போன பிறகு, திடலின் மறுபக்கத்தில் இருந்த பெரிய வேலி ஒன்றின் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். என் தோள் வரை வந்தது. இப்படிப் பன்னிரண்டு. இடுப்பளவுக்கே கூரை ஏறுகிறவன் இதற்கு எங்கே ஏறுவான்? அங்கிருந்து என் பிள்ளை எங்கே விழுவாள்?

ஷெல் விழுந்த காலத்தில் பங்கருக்குள் இருந்தபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. அப்போது பெற்ற பிள்ளை இல்லை.

டிசம்பர் 3, புதன்

இவரிடம் சொன்னேன், நீங்களாவது மறித்துச் சொல்லுங்கோ என்று.

"இஞ்சரப்பா, பிள்ளை களவெடுக்கேல்லை, பொய் சொல்லேல்லை. குதிரை ஓட்டுது. விடும்," என்றுவிட்டு ரிவியைப் பார்த்தார்.

ஜனவரி 6, செவ்வாய்

பனிமூட்டம். இரண்டு குதிரைகளும் ஒரே ஓட்டத்தில். இன்றைய ஓட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு என்று பென்விக் சொல்லியிருந்தார்.

தூரத் தடைகள் ஒன்றும் தெரியவில்லை. கடைசித் தடைக்குப் பத்தடி தள்ளி நாங்கள் நின்றோம். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கறுவலும் செவலையும் பக்கத்துப் பக்கமாக வந்தார்கள். இரண்டும் ஒன்றாக எழும்பின. "சடக்."

"யார் அது?" என்றார் பென்விக்.

"கறுவல்," என்றேன்.

அவர் முகம் இறுகியது. "எப்படி?"

"முன்னங்கால் தொங்கினது. மடிக்கவில்லை."

அவ்வளவுதான் கேட்டார், அவ்வளவுதான் சொன்னேன். மூட்டத்தில் யாருக்கு என்ன தெரியும்? இரண்டும் ஒன்றாகத்தான் தாண்டின. பத்தடி என்பதும் தூரம்தான்.

ஜனவரி 7, புதன்

காலையில் ஆரபி லாயத்திலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக்குள் நின்றாள்.

"அவன் தொடேல்லை அம்மா. நான் மேல இருந்தனான். எனக்குத் தெரியாதே? பென்விக் சொல்லுறார், உன்ர அம்மா பார்த்தவா எண்டு. ஜாக்கிமார் எல்லாரும் தங்கட குதிரையைப் புழுகுவினமாம், உங்கட கண் புழுகாதாம். ஓட்டத்தின்ர வீடியோவையும் போட்டுப் பார்த்தன், வெறும் வெள்ளை. நீங்கள் வடிவாப் பார்த்தனீங்களே?"

"மூட்டம் பிள்ளை," என்றேன்.

"பார்த்தனீங்களோ இல்லையோ?"

"பார்த்தனான்."

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. "அப்ப என்ர பிழைதான்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

சோறு இறங்கவில்லை. ஆனால் நேற்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன். மூன்று மாதத்தில் முதல்தரம்.

ஜனவரி 15, வியாழன், தைப்பொங்கல்

பொங்கல் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்று சொல்லி வாய் மூடவில்லை, ஆரபி வந்து சொன்னாள். டொம் பெடியன் வேறு லாயத்துக்குப் போய்விட்டானாம். பெரிய வேலி ஓட்டத்தில் செவலையை ஓட்டப் போவது அவள்தான்.

கையிலிருந்த அகப்பை விழுந்தது. வேலி ஓட்டமே அவளுக்கு வராது என்றுதானே நான்... 

இல்லை, நல்லதுதான். பொறுமையாக யோசித்துப் பார்த்தேன். செவலை பதிவாக, தரையோடு தரையாகப் போகிறவன். கறுவல் மாதிரி ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு போகமாட்டான். ஓட வேண்டியதுதான் என்றால் அவன்தான் நல்லது.

கறுவலை அடுத்த மாத முடிவில் விற்கப் போகிறார்கள். ஆரபி அவனுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனாள்.

ஜனவரி 27, செவ்வாய்

இடது முழங்கை நீலம் பாரித்து, பெரிய கண்டலோடு வந்தாள். லாயத்தில் பழக வைத்திருக்கிற வேலியில் செவலை காலை இடித்துவிட்டானாம். சின்ன வேலி, மெல்லிய ஓட்டம், அதனால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தப்பினாளாம்.

"தடையைத் தொட்டா ஒண்டும் நடக்கிறதில்லையே! உதுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

ஆரபி குசினிக் கதவைக் காலால் உதைத்தாள். அது திறந்துகொண்டது. "இதுதான் அம்மா தடை. இடிச்சா அப்பிடியே சரிஞ்சு குடுக்கும். குதிரை தன்ர பாட்டுக்குப் போகும்." பிறகு பக்கத்துச் சுவரில் கையால் தட்டினாள். "இதுதான் வேலி. குச்சியை இறுக்கி அடைஞ்சு கட்டினது. இடிச்சா வேலி நிக்கும், குதிரை கவிழும். தடையில குச்சியைத் தடவித் தடவிப் பழகினவன் வேலிக்குப் போனா ஆளைச் சாக்காட்டிப்போடுவான். கூட உயரம் எழும்புறவன்தான் பத்திரம். அதுக்குத்தான் எனக்குக் கறுவலை அவ்வளவு விருப்பம்."

"செவலை... தடவுறவனோ?"

"டொம் ஒண்டும் சொல்லேல்லை. அப்பிடி எண்டா நீங்கள் கண்டிருப்பியள்தானே? பென்விக் விடமாட்டார்," என்றாள்.

நான் அடுப்பை நிறுத்திவிட்டு மாடிக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஜனவரி 28, புதன்

கொப்பியை முதலிலிருந்து, பின்பக்கத்தில் குறித்து வைத்த ஓட்டங்களையும் சேர்த்து எண்ணினேன்.

செவலை: நான் பார்த்த தடை இருபத்தைந்து. சடக், பதினெட்டு.

கறுவல்: பார்த்த தடை முப்பத்தொன்று. தொட்டது, ஒன்றுமில்லை.

ஜனவரி ஆறாம் திகதியும் அவன் தொடவில்லை. தொட்டது செவலை. அவனுடைய இடது முன்னங்கால்தான் தொங்கியது. எனக்கு அன்றைக்கே தெரியும். வடிவாகத் தெரியும். எழுதிவிட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

இவ்வளவு அனுபவமுள்ள மனிதர் ஏன் காணவில்லை? அதே இடத்தில், எனக்குப் பக்கத்தில்தானே நின்றார்?

இன்று ரோல்ஸ் கொடுக்கிற சாட்டில் லாயத்துக்குப் போனேன். பென்விக் தேநீர் ஊற்றித் தந்தார். கோப்பையின் விளிம்புக்குள் விரலை வைத்துக்கொண்டு ஊற்றினார். சூடு விரலில் பட்டதும் நிறுத்தினார்.

தொலைநோக்கியை என்னிடம் தந்தது, பெட்டியைத் தடவியது, நல்ல வெயிலிலும் என்னைக் கேட்டது. அட கடவுளே. அந்த மனிதருக்குக் கண் தெரியவில்லை. கிட்டத்திலேயே சரியாகத் தெரியவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் என் கண்ணை வைத்துக்கொண்டு இந்தப் பருவத்தை ஓட்டியிருக்கிறார். கண் தெரியாத ஒருவரிடம்தான் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

பெப்ரவரி 2, திங்கள்

சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஆரபிக்கும் தெரியவரும். தாயே தன்னைக் கெடுத்தாள் என்று வாழ்நாள் முழுக்க நினைப்பாள். லாயத்தில் அவளுக்கு இடமும் போகலாம்.

நாளைக்குச் சொல்கிறேன்.

பெப்ரவரி 3, செவ்வாய்

சொல்லவில்லை.

பெப்ரவரி 5, வியாழன்

உறைபனி! நிலம் உறைந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்களாம். பிள்ளையாருக்கு நூற்றெட்டு மோதகம் நேர்ந்தேன். புல்லைக் காலால் மிதித்துப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது. பிள்ளையாரப்பா, இன்னும் ஒரு கிழமை.

பெப்ரவரி 8, ஞாயிறு

மழை. பனி கரைந்துவிட்டது.

பெப்ரவரி 10, செவ்வாய்

"வயித்துக்குத்து எண்டு சொல்லிப்போட்டு நில்லன், பிள்ளை," என்று கெஞ்சினேன்.

"விசர்க் கதை கதையாதேங்கோ," என்றாள். நாளை காலை பத்து மணிக்குள் ஓடுகிற குதிரைகளின் பெயரைக் கொடுக்க வேண்டுமாம். தன் வெள்ளைக் காற்சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். மடிப்பு மடிப்பாக, பள்ளிக்கூட யூனிபோமை அயன் பண்ணுகிற மாதிரி. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெப்ரவரி 11, புதன்

காலை ஒன்பது இருபதுக்கு லாயத்துக்குள் போனேன். அலுவலக அறையில் பென்விக் இருந்தார். ஆரபி கம்ப்யூட்டருக்கு முன்னால், பெயர் கொடுக்கிறதற்கு. அவள் இருக்கமாட்டாள் என்று நினைத்துத்தான் போனேன். திரும்பிவிடலாம் என்று கால் எடுத்தேன். அப்போது அவளுடைய முழங்கைக் கண்டல் கண்ணில் பட்டது. மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"ஜனவரி ஆறாம் திகதி தொட்டது கறுவல் இல்லை," என்றேன். "செவலை."

ஆரபியின் கை அப்படியே நின்றது.

பென்விக் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "எப்படித் தெரியும்?"

கொப்பியை நீட்டினேன். பிறகுதான் புத்தி வந்தது. எழுதியிருப்பது தமிழ். அவருக்குத் தமிழ் தெரியாது, கண்ணும் தெரியாது. ஆரபிக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது.

"வாசியுங்கள்," என்றார்.

வாசித்தேன். தமிழில் பார்த்து, இங்கிலிஷில் சொல்லி, திக்கித் திக்கி. சடக், சடக், இல்லை, சடக். கறுவல், கூரை, கூரை. மூட்டத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று எழுதியதையும் வாசித்தேன். நித்திரை கொண்டதையும் வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஜனவரி முப்பது வந்தபோது அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன்.

"ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள், மிசிஸ் குணம்," என்றார் பென்விக். "தாள் இரண்டு தரம் திரும்பிய சத்தம் கேட்டது."

"அது உங்களைப் பற்றி."

"அதையும் வாசியுங்கள்."

தேநீர்க் கோப்பை, விரல், எல்லாவற்றையும் வாசித்தேன். பென்விக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து என்ன பிரயோசனம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"செவலை ஓடவில்லை, ஆரபி," என்றார். "பெயரைக் கொடுக்காதே."

ஆரபி எழும்பி அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "போங்கோ அம்மா."

நான் கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பெப்ரவரி 12, வியாழன்

இன்று அந்த ஓட்டம். என் பிள்ளை அதில் இல்லை. குசினியில் இருந்து மோதகம் அவித்தேன், நூற்றெட்டும். பனிக்காக நேர்ந்தது, பனி நிற்கவில்லை, ஆனாலும் அவித்தேன்.

பெப்ரவரி 22, ஞாயிறு

பதினொரு நாள். லாயத்துக்கு மேலேயுள்ள அறையில் படுக்கிறாள். சாப்பாடு கொடுத்துவிட்டால் பாத்திரம் கழுவித் திரும்பி வருகிறது. அதோடு ஒரு சொல்லும் வருவதில்லை.

"இஞ்சரப்பா, நீர் அழுதுகொண்டு இருந்தா அவள் வருவாளே?" என்றார் இவர். பிறகு அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன கதைத்தார்கள் என்று சொல்லவில்லை.

பென்விக் குதிரைச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுத் தன் கண்ணைப் பற்றித் தானே சொல்லிவிட்டாராம். மூன்று பேர் தங்கள் குதிரைகளைக் கொண்டுபோய்விட்டார்கள். கறுவலின் சொந்தக்காரி மட்டும், "விற்க வேண்டாம், ஓடட்டும்," என்றாளாம்.

மார்ச் 5, வியாழன்

ஆரபி வந்தாள். இருக்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"பதினாலாம் திகதி கறுவல் வேலிக்கு ஓடுறான். நான்தான் ஓட்டுறன். பென்விக்குக்குப் பார்த்துச் சொல்ல ஒரு கண் வேணும். வேற ஆளைப் பாருங்கோ எண்டனான். அவர் கேக்கிறாரில்லை. அந்தப் பக்கத்தையும் வாசிச்ச ஆள்தான் வேணுமாம்."

"நான் வரேல்லை, பிள்ளை. என்னை நம்பாதை."

"நம்பேல்லை," என்றாள். "ஆனா வாங்கோ. கண்டதைச் சொல்லுங்கோ. எனக்கு விருப்பமில்லாததைக் கண்டாலும் சொல்லுங்கோ. ஒரு சொல்லைக் கூட்டினா, குறைச்சா, இனி நீங்கள் எனக்கு அம்மா இல்லை."

மார்ச் 13, வெள்ளி

ரோல்ஸுக்கு மா குழைத்தேன். உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. மறுபடி போட்டேன்.

மார்ச் 14, சனி

கடைசி வேலிக்குப் பக்கத்தில் நின்றோம். ஓட்டம் தொடங்கமுதல் பென்விக் வேலியில் கையை வைத்து அழுத்தினார். நானும் அழுத்திப் பார்த்தேன். கொஞ்சமும் அசையவில்லை. நவம்பரில் பக்கத்தில் நின்றும் இதைத் தொட்டுப் பார்க்காமல் போனேனே என்று நினைத்தேன்.

ரோல்ஸ் ஒரே உப்பு. பென்விக் அப்படியும் இரண்டு சாப்பிட்டார்.

முதல் சுற்று. நான் பார்க்கப் பார்க்க வாய்விட்டுச் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

1: பார்த்தான், நல்ல உயரம். 2: ஒரு சாண் மேலே. 3: கிட்டப் போய்விட்டான், ஆனால் மடித்து எழும்பினான். 4: நல்லது. 5: நல்லது. 6: எங்களுக்கு முன்னாலுள்ள இதே வேலி, முதல்தரம். சேறு என் முகத்தில் தெறித்தது. மேலே, நல்ல மேலே.

இரண்டாம் சுற்று. 7: நல்லது. 8: இரண்டு குதிரைகள் விழுந்தன. யார், யார் என்று பென்விக் கத்தினார். "எங்கட இல்லை, எங்கட இல்லை," என்று நானும் கத்தினேன். தமிழிலேயே கத்தியிருக்கிறேன். அவருக்கு விளங்கிவிட்டது. 9: விழுந்தவற்றைச் சுற்றிப் போனதில் கால் இடறியது, ஆனால் எழும்பினான். 10: மேலே. 11: மேலே.

12, கடைசி. மூன்று குதிரைகள் ஒன்றாக வந்தன, நடுவில் கறுவல். தொலைநோக்கி இனித் தேவையில்லை என்று இறக்கினேன். முன்னங்காலைப் பார்க்கத்தான் இறக்கினேன். என்ன வந்ததோ தெரியாது, நிமிர்ந்துவிட்டேன். ஐந்து மாதத்தில் முதல்தரமாக, வேலிக்கு வருகிற என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

இரண்டாவதாக வந்தாள். சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களிடம் நடந்து வந்தாள். மூச்சு வாங்கியது. பென்விக் என் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"கடைசி வேலி, மிசிஸ் குணம்? கால் எப்படி?"

"தெரியாது," என்றேன். "காலைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்தேன்."

"சரி. இவள் எப்படி?"

ஆரபி என்னையே பார்த்தாள். தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. கண் கெஞ்சியது. சின்னப்பிள்ளையில் பள்ளிக்கூடத்து ரிப்போட்டை அப்பாவிடம் காட்டாதேங்கோ என்று கெஞ்சுகிற அதே கண். இவ்வளவு நாளும் பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆரபி வருவதற்குள் கொப்பியில் எழுதியிருந்ததை அப்படியே அவருக்கு வாசித்தேன்:

12: கறுவலின் கால், தெரியாது. ஆரபி: பார்த்தாள். நல்லாய்ப் பயந்தாள். எழும்பினாள்.

பென்விக் கையை நீட்டித் தடவி அவள் தோளைக் கண்டுபிடித்துத் தட்டினார். "அடுத்த வருசமும் கறுவல் உனக்குத்தான்," என்றார்.

ஆரபி என்னோடு காரில் ஏறினாள். வழியில் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து ஒன்றைக் கடித்தாள்.

"உப்பு அம்மா," என்றாள்.

"ஓம்," என்றேன். "எனக்கும் பயம்."